ரெயிலில் பாடிய சிறுமி
கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள் வாழ்க்கை வரலாறு

(நமது ஸ்ரீராம்புரம் நிருபர்)

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் ரெயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவரின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் 11 இசைத்தட்டுகள், அட்டை போன 6 பாட்டுப் புத்தகங்கள், மடித்த மடிப்பிலேயே கிழிந்து போன ஒரு நாடக நோட்டீசு. எல்லாம் கே.பி. சுந்தராம்பாள் சம்பந்தப்பட்டவை. பெரியவருக்கு வயது 80 ஆகிறது. தம் பெயரைப் பத்திரிகையில் போடக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. போட்டால் மறுநாளே விலை பேச ஆள் வந்துவிடும் என்கிறார். அவர் பயம் நியாயமானதே. பழைய இசைத்தட்டுக்கு இன்று ஆசைப்படுகிறவர்கள் அதிகம். அதில் பாடுகிறவர் யார், அவர் பட்ட பாடு என்ன என்று கேட்கிறவர்கள் குறைவு.

ஆகவே அந்த அம்மையாரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குப் பிறகு வருவோம்.

தாயின் பெயரே தலையெழுத்து

சுந்தராம்பாள் 1908-ம் ஆண்டு அக்டோபர் மாதம் காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். கே.பி. என்ற இரண்டு எழுத்துக்கும் விரிவு கொடுமுடி பாலாம்பாள் என்பதாகும். பாலாம்பாள் அவருடைய தாய். தகப்பனார் சின்ன வயதிலேயே இல்லாமல் போனார். எங்கள் அலுவலகத்தில் எந்தப் படிவத்தை எடுத்தாலும் தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். தாயின் பெயருக்கு வெகு காலம் இடமே இல்லை. ஆனால் நாடக நோட்டீசிலும், இசைத்தட்டு முத்திரையிலும், சினிமா விளம்பரத்திலும் 50 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஏழைத் தாயின் பெயர் மகளின் பெயருக்கு முன்னால் நின்றது.

மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு பாலாம்பாள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல. சிறுமி சுந்தராம்பாளுக்குக் கடவுள் கொடுத்திருந்தது குரல் ஒன்றுதான். ஈரோட்டிலிருந்து திருச்சி போகும் ரெயில் பாதை காவிரியை விட்டு அதிகம் விலகாமல் கொடுமுடி, புகழூர், கரூர் என்று போகிறது. அந்த வண்டிகளில் ஏறிப் பெட்டி பெட்டியாகப் பாடி, பிரயாணிகள் கொடுத்த காசை வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

ரெயிலில் பாடிக் காசு கேட்பதை இன்றைக்குச் சட்டம் தடுக்கிறது. வண்டியில் அப்படிப் பாடி வரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது நாமெல்லோரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கொள்கிறோம். அன்றைக்கு ஒருவர் திருப்பிக் கொள்ளவில்லை. தென்னிந்திய ரெயில்வேயில் உயர்ந்த பதவியில் இருந்த எப்.ஜி. நடேசய்யர்தான் அவர் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். நடேசய்யர் வெறும் அதிகாரி அல்ல. நாடகத்தில் தீராத மோகம் கொண்டவர், தாமே நடித்தவர், திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவை ஏற்படுத்தியவர். பிற்காலத்தில் தமிழ்நாட்டையே மயக்கிய எம்.கே. தியாகராஜ பாகவதரைச் சிறுவனாக மேடையேற்றியவரும் இவரே. இரண்டு பெரிய குரல்களை அடையாளம் கண்ட காது ஒரு ரெயில்வேக்காரரின் காது என்று சொல்லிக் கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பசிக்கு நடிப்பு வேண்டுமா?

சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார். முதலில் கிடைத்தவை ஆண்பிள்ளை வேஷங்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடித்து அழும் மூத்த மகனாக வந்து பாடினார். ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். பசியைப் பற்றி அந்தக் குழந்தைக்கு வாத்தியார் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அக்காலத்து நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. மேடைக்குப் பக்கத்தில் ஹார்மோனியம், மிருதங்கம். எதிரே ஆயிரக்கணக்கான ஜனங்கள். கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை புரிய வேண்டும். புரியாவிட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். சுந்தராம்பாளின் குரல் அப்படிப்பட்ட கொட்டகையில் உரம் பெற்ற குரல். உச்சத்தில் நின்றாலும் வார்த்தை உடையாது. 1917-ல் இலங்கைக்குப் போய் நடித்தபோது அவர் இன்னும் சிறு பெண்தான். அங்கே தேயிலைத் தோட்டத்திலும் கொழும்புத் துறைமுகத்திலும் பிழைக்கப் போயிருந்த நம்மவர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வெளியூரில் இருப்பவனுக்குத் தமிழ்ப் பாட்டு என்றால் என்ன என்று பெங்களூரில் இருக்கும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செங்கோட்டைச் சிங்கம்

அதே நாளில் தெற்கே ஒரு இளைஞர் கொடி கட்டிப் பறந்து கொண்டிருந்தார். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் பிறந்தவர். கன்னையா கம்பெனியின் தசாவதாரம் நாடகத்தில் அவர் பாட்டைக் கேட்கச் சங்கீத வித்துவான்களே டிக்கெட் வாங்கிப் போனார்கள். இவரும் உச்ச ஸ்தாயிக்காரர்.

1926-ல் கொழும்பில் இந்த இரண்டு குரல்களும் ஒரே மேடையில் சந்தித்தன. சுந்தராம்பாளோடு சேர்ந்து நடித்தால் கிட்டப்பாவின் பெயர் அடிபட்டுப் போகும் என்று அவருக்கு வேண்டியவர்கள் எச்சரித்தார்களாம். அவர் கேட்கவில்லை. வள்ளி திருமணம் போட்டார்கள். வள்ளி ஒரு பாட்டை எடுக்க, வேலன் அதற்கு மேலே ஒரு சங்கதி போட, அவள் அதையும் தாண்டிப் போக, சபையோர் விடியும் வரை எழுந்திருக்கவில்லை. மேடையில் தொடங்கிய போட்டி அன்பாக மாறியது. 1927-ல் மாயவரத்தில் கோவிலில் திருமணம் நடந்தது.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. சாதியும் வேறு. இதனால் வந்த தொல்லைகளை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு குழந்தை பிறந்து, தங்காமல் போனது. பிணக்கு வந்தது. கணவர் செங்கோட்டைக்குப் போவதும், மனைவி கொடுமுடியில் காத்திருப்பதுமாக மாதங்கள் கழிந்தன. அந்தக் காலத்தில் சுந்தராம்பாள் தம் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சிலேயே வந்துவிட்டன. கோபம், ஏக்கம், கெஞ்சல், ரோஷம் எல்லாம் அதில் இருக்கிறது. மேடையில் ஆயிரம் பேரை அடக்கிய பெண்மணி, ஒரு தபாலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு உறுத்தல். பழைய பொருள் சேகரிப்பவர்கள் நடிகர் நடிகையரின் கைப்பட எழுதிய காகிதத்துக்குத்தான் அதிக விலை சொல்வார்கள். இசைத்தட்டு நாமெல்லோரும் கேட்பதற்கென்றே அவர் பாடியது. கடிதம் அப்படியா? ஒருவருக்கு மட்டும் எழுதியது அல்லவா? ஸ்ரீராம்புரத்துப் பெரியவரிடம் இதைக் கேட்டேன். அந்தக் கடிதப் புத்தகம் ஒரு முறை தம் கைக்கு வந்ததாகவும், இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். நான் படித்திருக்கிறேன். படித்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

25 வயதில் வெள்ளைப் புடவை

1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா காலமானார். வயது 27 தான். குடியும் ஓய்வில்லாத உழைப்பும் அந்த உடம்பைத் தின்றுவிட்டன. சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்றிலிருந்து வெள்ளைப் புடவை, நெற்றியில் திருநீறு. நகை நட்டைக் கழற்றி வைத்தார். இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். 1980-ல் கண்ணை மூடும் வரை, 47 ஆண்டுகள் அந்த உறுதி தளரவில்லை.

ஜோடி சேராமல் ஒரு நடிகை பிழைக்க முடியுமா? அந்த நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும் அது தொழிலைத் தூக்கி எறிவதற்குச் சமம். கொஞ்ச காலம் அவர் மேடைக்கே வராமல் கொடுமுடியில் முடங்கிக் கிடந்தார். தீரர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்தித்தான் வெளியே வந்தார்.

அப்போது வந்தது நந்தனார் படம். அஸன்தாஸ் என்பவர் தயாரித்தது. மாணிக்லால் டாண்டன் டைரக்டு செய்தார். நந்தனாராகவே அம்மையார் நடிக்க வேண்டும் என்றார்கள். வந்தவர்களைத் தட்டிக் கழிப்பதற்காக அவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டு விட்டதாகவும் சொல்வார்கள். அன்று பவுன் விலை 30 ரூபாயைத் தொடவில்லை. லட்ச ரூபாய்க்கு 3,000 பவுனுக்கு மேல் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். தென்னாட்டில் அதுவரை எந்த ஆண் நடிகரும் கேள்விப்படாத தொகை அது.

1935-ல் படம் வெளிவந்தது. வேதியர் வேஷத்தில் மகாராஜபுரம் விசுவநாதய்யர் நடித்தார். ஆண் வேஷத்தில் பெண் எடுபடவில்லை என்று குறை சொன்னவர்கள் உண்டு. பாட்டைக் குறை சொன்னவர்கள் இல்லை. யோசித்துப் பார்த்தால், ஆணோடு ஜோடி சேர மாட்டேன் என்றவருக்கு ஆணாகவே நடிப்பது ஒரு வழியாக இருந்தது. குழந்தையில் நல்லதங்காள் மகனாக வந்தவருக்கு அது புதிதும் அல்ல. 1940-ல் வந்த மணிமேகலையிலும் துறவு வேஷம்தான்.

தங்கத் தட்டு

சுந்தராம்பாள் காங்கிரசுக்காகப் பாடியதைத் தனியாக எழுத வேண்டும். கூட்டம் சேர்க்கச் சத்தியமூர்த்திக்கு அவர் பாட்டு ஒன்றே போதும். பேச்சு ஒரு மைல் போகாது, பாட்டு போகும். தேசியப் பாடல்கள் இசைத்தட்டாகவும் வந்தன. காந்தியடிகளைப் பற்றிய பாட்டு தட்டில் வந்து, படிக்காத கிராமத்தார் வாயிலெல்லாம் புகுந்தது.

காந்தியடிகள் ஈரோட்டிலிருந்து கரூர் போகும் வழியில் கொடுமுடியில் அம்மையார் வீட்டில் இறங்கினார். அவருக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறப்பட்டது. சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று காந்தி கேட்க, அம்மையார் தட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டார். தட்டு அங்கேயே ஏலம் விடப்பட்டு, பணம் பொது நிதிக்குப் போனது. சேகரிப்பவர்கள் கூடும் இடத்தில் இந்தத் தட்டின் பேச்சு எடுக்காதவர்கள் இல்லை. அது யார் வீட்டில் இருக்கிறது என்றுதான் பேச்சு. ரெயிலில் காலணா அரையணாவாகச் சேர்த்த கை அதைக் கொடுத்தது என்பதைப் பேசுவதில்லை.

1951-ல் அவர் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார். இந்தியாவில் திரைப்படத் துறையிலிருந்து சட்டசபைக்குள் சென்ற முதல் கலைஞர் அவரே என்பார்கள். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத ஒரு பெண்மணிக்கு இது சிறிய விஷயமல்ல.

ஔவையார்

இதற்குப் பின் நடந்தவை பலருக்கும் தெரியும். 1953-ல் ஜெமினி எஸ்.எஸ். வாசன் தயாரித்த ஔவையார் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு டைரக்டு செய்த அந்தப் படத்தில் யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சியைப் பார்க்கவே ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். நம் பெரியவர் எட்டு வயதில் அம்மாவுடன் பெங்களூரில் தரை டிக்கெட்டில் பார்த்தாராம். யானை அவருக்கு நினைவில்லை. திருமணத்துக்கு ஏற்பாடு நடக்கும்போது இளம் ஔவை பிள்ளையாரிடம் அழுது முதுமையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் இடத்தில் அம்மா விம்மி அழுததுதான் நினைவிருக்கிறதாம். கதை ஔவையுடையது; ஆனால் 25 வயதில் வெள்ளை உடுத்தியவர் யார் என்று அன்று கொட்டகையில் இருந்த பெண்களுக்குத் தெரியும்.

1964-ல் பூம்புகாரில் கவுந்தி அடிகள். கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதிய படம். அதில் ஒரு பாட்டில் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் வரியைப் பாட அம்மையார் மறுத்துவிட்டாரென்றும், நாத்திகரான கலைஞர் அவருடைய பக்திக்கு மதிப்புக் கொடுத்து வரியை மாற்றிக் கொடுத்தாரென்றும் சினிமா வட்டாரத்தில் சொல்வார்கள். இரண்டு பேருக்குமே பெருமை தரும் சேதி. 1965-ல் திருவிளையாடல், 1967-ல் கந்தன் கருணை, 1973-ல் காரைக்கால் அம்மையார். 1969-ல் தேவர் எடுத்த துணைவன் படத்தில் பாடியதற்கு, சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது கிடைத்தது. அப்போது வயது 61. மறு ஆண்டு பத்மஸ்ரீ. 60 வயதில் பெரும்பாலோர் குரல் போய்விட்டது என்று வீட்டில் உட்காருவார்கள். இவருக்கு மைக்கைத் தள்ளி வைக்க வேண்டியிருந்ததாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இப்போது நாம் கேட்பது பெரும்பாலும் இந்தப் பிற்காலக் குரலைத்தான். கைப்பேசியில் தட்டினால் பழம் நீயப்பா வருகிறது, பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். கிட்டப்பா இருந்த நாளில், 20 வயதுப் பெண்ணாகப் பாடிய குரல் வேறு. அது அரக்குத் தட்டில் இருக்கிறது. தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்கு மேல் அடங்காது. மேடையில் அரை மணி நேரம் விரித்த பாட்டை மூன்று நிமிஷத்துக்குள் சுருக்கிப் பாடியிருக்கிறார்கள். அவசரம் தெரியாது, அதுதான் ஆச்சரியம்.

பெரியவரின் தகப்பனார் மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தவர். சம்பள நாளில் வட்டிக்காரனுக்குப் போக மிஞ்சியதில் வாங்கிய தட்டுகள் இவை. வீட்டில் கிராமபோன் இல்லாத நாளிலேயே மூன்று தட்டு வாங்கிவிட்டாராம். டீக்கடைக்காரரிடம் கொடுத்துப் போடச் சொல்லிக் கேட்பாராம். கிராமபோன் பின்னால் வந்தது.

அரக்குத் தட்டு கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வளையும். புத்தகம் போல நிறுத்தித்தான் வைக்க வேண்டும். அழுக்கைத் துடைக்க ஸ்பிரிட் கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். இது தெரியாமல் பெரியவர் ஒரு தட்டைப் பளபளப்பாக்கப் போய்ப் பாட்டையே அழித்துவிட்டார். 40 ஆண்டு ஆகிறது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கையைப் பிசைகிறார். இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். தேய்ந்த ஊசி தட்டின் கோட்டை உழுதுவிடும்.

இன்னொரு சூட்சுமமும் சொன்னார். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்ற வேண்டும் என்பது கணக்கு. ஸ்பிரிங் தளர்ந்தால் சுற்று குறையும், சுருதி இறங்கும், சுந்தராம்பாள் யாரோ ஆகிவிடுவார். சுற்று கூடினால் குழந்தைக் குரல் ஆகிவிடும். அதனால் பக்கத்துத் தெருப் பஜனைக் கோஷ்டியின் ஹார்மோனியத்தை இரவல் வாங்கி வந்து, கட்டையைப் பிடித்துப் பார்த்து வேகத்தைத் திருகுகிறார். சங்கீதம் படிக்காதவர் அவர். காது படித்திருக்கிறது.

பாட்டுப் புத்தகங்களின் கதி பரிதாபம். கொட்டகை வாசலில் ஓரணா இரண்டணாவுக்கு விற்றவை அவை. கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லி முடித்திருப்பார்கள். மட்டமான காகிதம். பின் துருப்பிடித்து, தொட்டால் உதிர்கிறது. நந்தனார் பாட்டுப் புத்தகத்தில் நடுவிலே நான்கு பக்கம் இல்லை. அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை; பெரியவரும் பார்த்ததில்லை. அக்காலப் பிலிம் எளிதில் தீப்பற்றும் ரகம். தானாகவே சிதைந்தும் போகும். எத்தனையோ படங்களுக்கு இன்று இந்த இரண்டணாப் புத்தகம்தான் சாட்சி.

நம் ஊரில் இவை கிடைக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பி.வி.கே. அய்யங்கார் ரோடு சண்டே பஜாரில் பழைய சாமான் குவியலுக்குள் தட்டுகள் வரும். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளிலும் பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடுகள் கருப்பாகப் பளிச்சிட வேண்டும். சாம்பல் பூத்திருந்தால் பாட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். விலையைக் கேட்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, பெட்டியோடு எல்லாவற்றுக்கும் ஒரு தொகை சொன்னார். பெரியவரின் ஒரு வருஷ வீட்டு வாடகையை விட அதிகம். மகனுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆசை. வீட்டில் இடம் இல்லை, பேத்தியின் கல்லூரிச் செலவு வேறு. பெரியவர் ஒரு வாரம் யோசித்தார். தட்டுகளை நகல் எடுத்துக் கொடுக்கச் சம்மதித்தார், தட்டைக் கொடுக்கவில்லை. வந்தவர் நகலுக்கு வரவில்லை. மகனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. மகன் பக்கமும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த 11 தட்டில் ஒன்று கிட்டப்பாவுடையது. வீடு மாறிய போது இரண்டாக உடைந்துவிட்டது. இரண்டு துண்டையும் ஒரே உறையில் போட்டு, சுந்தராம்பாள் தட்டுகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 2-ந் தேதி மாலை கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, அம்மையாரின் இரண்டு தட்டுகளைப் போடுவார். சந்தில் உள்ளவர்கள் வந்து திண்ணையில் உட்காருவார்கள். ஊசி டப்பாவில் இன்னும் நான்கு ஊசிதான் பாக்கி. வரும் ஞாயிற்றுக்கிழமை சண்டே பஜாரில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.